யாரோ போட்ட மெட்டு

தேநீர் ஆறிவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள், மேடம். நான் ஆறிய தேநீர்தான் குடிப்பேன். நாளெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குச் சூடாக எதுவும் வாய்க்காது. பக்கத்து மேஜைக்காரர் கோப்பையை வைத்துவிட்டுத் தோளைத் தட்டிவிட்டுப் போவார். நான் தலையாட்டுவேன், அதோடு மறந்துவிடுவேன். மறுபடி கை நீட்டும்போது மேலே ஆடை கட்டியிருக்கும். பழகிவிட்டது.

என் வேலை என்னவென்று நேற்றே கேட்டீர்கள். நேற்று எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன், அங்கே தட்டச்சு செய்பவருக்கும் வசதியாக இருக்கும்.

எங்களுடையது பின்னணி இசை விற்கிற கம்பெனி. துணிக்கடை, மின்தூக்கி, விளம்பரம், யாராவது தன் வீட்டு மாடித் தோட்டத்தைக் காட்டும் வீடியோ, எதற்குப் பின்னால் ஓடவிடவும் எங்களிடம் ஒரு மெட்டு இருக்கும். அதை வாங்காமல் ஒருவர் தன் நேரலையில் ஓடவிட்டால் எங்கள் இயந்திரம் மோப்பம் பிடித்துவிடும். ஆனால் மோப்பம் மட்டும்தான் அதற்குத் தெரியும், காது கிடையாது. ஜன்னலில் விழும் மழையைக்கூட எங்கள் வயலின் என்று அடித்துச் சொல்லும். அதனால் அது சந்தேகப்பட்டதையெல்லாம் ஒரு மனிதர் கேட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். திரையில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று ‘விட்டுவிடு’. மற்றது ‘நிறுத்து’. கடைசியாக அவற்றை அமுக்கிக்கொண்டிருந்த மனிதர் நான்.

அதற்கு முன்னால் மெட்டுப் போடுகிற பிரிவில் இருந்தேன். நான் போட்டவை எத்தனையோ கட்டடங்களின் மின்தூக்கிகளில் இப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. எதிலும் என் பெயர் இருக்காது. சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வேலையில் இருக்கும்வரை நான் போடுகிற மெட்டெல்லாம், வீட்டில் குளித்துக்கொண்டே முணுமுணுத்தது உட்பட, அவர்களுடையது. தெரிந்தே போட்ட கையெழுத்து, எனக்கு அதில் குறையில்லை. கம்பெனி என்றால் அப்படித்தான். சொந்த இரத்தம் அதையே செய்யும்போதுதான் வயிறு எரிகிறது.

என் தங்கையை உங்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது எல்லோருக்கும் தெரிகிறது, அது வேறு. உடைந்த பொம்மைகளைச் சரிசெய்வது அவள் தொழில். கை போனது, கண் கழன்றது, நாய் கடித்துக் குதறியது என்று எங்கெங்கிருந்தோ பெட்டியில் போட்டுத் தபால் பை எண்ணுக்கு அனுப்புவார்கள், வீட்டு முகவரியை அவள் யாருக்கும் கொடுப்பதில்லை. மேஜைக்கு மேலே கேமராவைத் தொங்கவிட்டு, அவள் அவற்றைத் தைப்பதையும் ஒட்டுவதையும் நேரலையில் காட்டுவாள். முகம் தெரியாது. இரண்டு கைகள் மட்டும்தான் தெரியும். பார்க்கிறவர்கள் அவளைப் பொம்மை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அவளும் சளைக்காமல், “நோயாளிக்கு இப்ப வலி எப்படி இருக்குன்னு பாப்பம்” என்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த வாய் உண்டு.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரையும் உண்டு. தினமும் ஊசி போட்டுக்கொள்கிற வகை. ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாவிட்டால் சடாரென்று இறங்கிவிடும். முதலில் விரல் நடுங்கும். அப்புறம் பேச்சு குழறும், பிறகு எது சொன்னாலும் கேட்காமல் முரண்டு பிடிப்பாள், அதற்குப் பிறகு நினைவு தப்பிவிடும். தனக்கு இறங்குகிறது என்பது அவளுக்கே தெரியாது. யாராவது பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரர் சரக்கு லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வழியில்தான் இருப்பார். பிள்ளைகள் கிடையாது. வெளியே வேலைக்குப் போன இரண்டு இடங்களிலும் மயங்கி விழுந்ததால் அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் நேரலை. வருமானத்துக்காக மட்டுமில்லை, மேடம், அதைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவளைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அவள் கை அத்துப்படி. ஊசிமுனை லேசாக ஆடினாலே போதும், “டாக்டர், கை நடுங்குது, ஜூஸ் குடிங்க” என்று வரிசையாக எழுதுவார்கள். வருகிற செய்திகளை அவள் கைப்பேசி சத்தமாகப் படித்துச் சொல்லும். அவள் அலுத்துக்கொண்டே பக்கத்திலிருக்கும் மிட்டாய் டப்பாவைத் திறப்பாள். “பொம்மை டாக்டருக்கு இத்தன டாக்டருங்களா” என்பாள். லாரிக்காரரும் வண்டியை ஓரங்கட்டும்போதெல்லாம் ஒரு எட்டு பார்த்துக்கொள்வார். அவள் உயிர் அந்தக் கேமராவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை. எனக்கு அது எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கேமராவை மாட்டிக் கொடுத்ததே நான்தான்.

முதல் நேரலையில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் மூக்கைச் சிந்திக்கொண்டு என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

“பாட்டுப் பேரு, பாடினவங்க பேரு எல்லாம் கீழ போட்டிருந்தேனேக்கா. அப்புறம் எதுக்கு நிறுத்தினாங்க?”

“அடுத்த வீட்டுச் சைக்கிளை எடுத்துட்டுப் போய், இது அடுத்த வீட்டுக்காரரோடதுன்னு எழுதி ஒட்டினா சரியாப் போயிடுமா?”

“நான் காசு குடுத்து வாங்கின பாட்டுதானே?”

“நீ கேக்கறதுக்கு வாங்கின. ஊருக்கே போட்டுக் காட்டறதுக்கு வாங்கல.”

“கொஞ்சூண்டுதான் ஓடுச்சு.”

“கொஞ்சூண்டு திருடினா திருட்டு இல்லையா?”

“நீ ஒருத்தி போதும், கோர்ட்டே வேண்டாம்” என்று சிரித்துவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப நீயே ஒண்ணு போட்டுக் குடுக்கா. யாரும் வந்து எங்களதுன்னு சொந்தம் கொண்டாட முடியாத மாதிரி” என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தைக்கச் சொல்லி, ஊசியை உள்ளே விட்டு நூலை இழுக்கிற வேகத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டது. இழுக்கும்போது ஒரு சுரம் நீளும், முடிச்சுப் போடும்போது ஒரு இடைவெளி வரும். பசை காய்வதற்காக அவள் காத்திருக்கும் நேரத்துக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கும், ஒன்றுமே நடக்காதது போல. நான் உருப்படியாகப் போட்ட மெட்டு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மின்தூக்கிக்கானது. முதல் தடவை அதைக் கடைசிவரை கேட்டாள். ஒரு பொம்மையின் காதைத் தைத்து முடித்துவிட்டு, “இன்னொரு தடவை போடு” என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த மெட்டோடு அவள் நேரலை வளர்ந்தது. கூட்டம் சேர்ந்தது. தூக்கம் வராதவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள், வீட்டில் தனியாக இருப்பவர்கள் எல்லாம் அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்களாம். மெட்டைத் தனியாகக் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். நானும் தினமும் அலுவலகத்திலிருந்து வந்ததும் கைகால் கழுவாமல் அதைத்தான் போட்டுக்கொண்டு உட்காருவேன். என் மெட்டை மனிதர்கள் உட்கார்ந்து கேட்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒருநாள் ஒரு அம்மா எழுதினார். கைப்பேசி தன் குரலில் அதைப் படித்தது. “டாக்டர், இந்த மியூசிக் யார் போட்டது? அவங்களுக்கு என் நன்றியைச் சொல்லணும்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முடியைக்கூட ஒதுக்கிக்கொண்டேன்.

என் தங்கையின் கைகள் நிற்கவே இல்லை. “அதுவா? யாரோ போட்டது. எங்கயோ இலவசமா கிடைச்சது” என்றாள்.

வாய் கூசாமல் சொன்னாள், மேடம். ஒரு தடுமாற்றம்கூட இல்லை. கடையில் பொருள் வாங்கும்போது பையைச் சும்மா கொடுப்பார்களே, அந்த மாதிரி. எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவளிடமிருந்து ஒரு அழைப்பாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அந்தக் கேள்வி அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. அவளும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாளாக ஆகப் பதில் அவள் நாக்கில் நன்றாகப் பழகிவிட்டது.

நேரில் போய்ப் பார்த்தேன். சண்டை போடுகிற பழக்கம் எனக்கில்லை. “மியூசிக் யாருதுன்னு கேக்கறாங்க போல” என்று சும்மா பேச்சைப் போட்டேன். அவள் கண்ணைச் சிமிட்டினாள். “சமாளிச்சுட்டேன்ல?” என்றாள். ஏதோ பரிசு வாங்கி வந்த பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நானும் சிரித்துவைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஆக என்னைச் சமாளிக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கூடப் பிறந்தவள். இவளை ராத்திரி பகல் பாராமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்தவள் நான்.

அந்த வாரமே மெட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். கண்ணை மூடிக் கேட்டார். “பிரமாதமா இருக்கே. எப்பப் போட்டீங்க?” என்றார். வேலையில் சேர்ந்த பிறகுதான், ரொம்ப நாளாக வீட்டில் கிடந்தது என்றேன். பொய்யில்லை. “இதை எல்லாம் வீட்டுல வச்சுக்கக் கூடாதும்மா” என்று செல்லமாகக் கடிந்துகொண்டு கம்பெனிப் பட்டியலில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து அது ‘யாரோ போட்டது’ இல்லை. அதற்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிட்டார்.

அடுத்த நேரலையிலேயே இயந்திரம் மோப்பம் பிடித்தது. அவளுக்கும் ஒரு அறிவிப்புப் போயிருக்கிறது. பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, நம்ம பாட்டுக்கு யாரோ உரிமை கேக்கறாங்கக்கா. வேற மாத்திடட்டுமா?”

“எதுக்கு மாத்தற? இயந்திரம் அப்படித்தான் உளறும். நான் பாத்துக்கறேன். நீ பாட்டுக்குப் போடு.”

“உனக்கு ஒண்ணும் வம்பு வராதே?”

“எனக்கு என்ன வரப்போகுது?”

“நீ சொன்னா சரி” என்றாள்.

உறவுக்காரர்களுடையது வந்தால் அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும் என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. அந்த ஒரு விதியை நான் மீறினேன், ஒப்புக்கொள்கிறேன். அவளுடையது வரும்போதெல்லாம் நானே எடுத்துக் கேட்டேன். கேட்டுவிட்டு ‘விட்டுவிடு’ என்று அமுக்கினேன். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். நான் கொடுமைக்காரி இல்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அவள் ‘யாரோ’ என்று சொல்லச் சொல்ல, நான் மன்னித்துக்கொண்டே இருந்தேன். அது அவளுக்குத் தெரியாது. நன்றி கெட்டவர்களை மன்னிப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் கேட்கிற அந்த நாளுக்கு வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது லாரிக்காரர் கூப்பிட்டார். இரைச்சலில் கத்திப் பேசினார்.

“அக்கா, இன்னைக்கு ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம உக்காந்துட்டா போலிருக்கு. ஏதோ அவசர வேலையாம். நான் மலைப்பாதை ஏறப்போறேன், சிக்னல் இருக்காது. கொஞ்சம் லைவைப் பாத்துக்கங்கக்கா.”

“நீங்க கவலைப்படாம ஓட்டுங்க தம்பி. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

பார்க்கவும் செய்தேன். சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் அவள் நேரலைதான் முதலில் என் திரைக்கு வந்தது. ஹெட்போனை மாட்டினேன். என் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையில் ஒரு துணிப் பொம்மை, தோள்பட்டை பிய்ந்தது. நூலைக் கோக்கப் பார்க்கிறாள், ஊசிக் காதில் நுழைய மாட்டேன் என்கிறது. நூல் மெட்டுக்கு ஒத்துவரவில்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது. “டாக்டர், டப்பாவைத் திறங்க”, “ஜூஸ், ஜூஸ்” என்று கைப்பேசி ஓயாமல் படித்துக்கொண்டிருந்தது. அவள், “இதோ, இந்த ஒரு தையல்” என்றாள். நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் சொல்லச் சொல்ல வலது கை மெதுவாக டப்பாப் பக்கம் நகர்ந்தது. அந்தக் குரல்கள் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டன என்றே சொல்ல வேண்டும்.

அப்போது புதிதாக வந்த ஒருவர் கேட்டார். “மியூசிக் நல்லா இருக்கே, யாரோடது?”

கை பாதி வழியில் நின்றது. “யாரோ போட்டது” என்றாள். நினைவு நழுவிக்கொண்டிருக்கிற நேரத்திலும் அதை மட்டும் மறக்கவில்லை. “எங்கயோ... சும்மா கிடைச்சது.”

நான் ‘நிறுத்து’ என்பதை அமுக்கினேன்.

அமுக்கியவுடன் நின்றுவிடாது, மேடம். எங்கள் கம்பெனி நியாயமானது. முதலில் நேரலை செய்பவரின் திரையில் ஒரு எச்சரிக்கை போகும், இசையை நிறுத்துங்கள், இல்லையென்றால் நேரலை துண்டிக்கப்படும் என்று. கொஞ்ச நேரம் அவகாசம் உண்டு. அவள் இசையை நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் நிறுத்தவில்லை. அவள் எங்கே படித்தாள், ஊசிக் காதையே அவளால் பார்க்க முடியவில்லை. அந்த அவகாசம் முழுக்க என் பக்கத்தில் ‘திரும்பப் பெறு’ என்று ஒரு பொத்தான் எரிந்துகொண்டே இருக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்துத் தோளைத் தட்டினார். கோப்பையைக் கையில் எடுத்தேன். அன்றைக்குச் சூடாகவே குடித்தேன்.

பிறகு திரை சாம்பல் நிறமாகிவிட்டது. டப்பாவை அவள் திறந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மூடியபடியே கிடந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அடுத்து ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் நேரலை வந்தது. கேட்டேன். எங்களுடையது இல்லை, விட்டுவிட்டேன். அதற்குள் அவள் ஆட்கள் எங்கள் கம்பெனிக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். தயவுசெய்து திறந்துவிடுங்கள், அவருக்கு உடம்பு சரியில்லை, அவர் வீடு எங்கே என்று எங்கள் யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரிந்தால் யாரையாவது அனுப்புங்கள் என்றெல்லாம். அவையும் என் மேஜைக்குத்தான் வரும். ‘உங்கள் முறையீடு பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. எல்லோருக்கும் அதை அனுப்பினேன். ஒருவரையும் விட்டுவிடவில்லை. அவள் வீடு எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். சாவி என் கைப்பையில் இருந்தது. இப்போது உங்களிடம் இருக்கிற அந்தக் கொத்தில் பச்சை நூல் கட்டியது அதுதான். அவள் கட்டியது, எனக்கு அடையாளம் தெரிவதற்காக.

வேலை முடிகிற வரை இருந்துவிட்டு என் வீட்டுக்குப் போனேன். மலையிறங்கி சிக்னல் கிடைத்ததும் லாரிக்காரர் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. அவர்தான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

வேண்டுமென்றே செய்தீர்களா என்று நேரடியாகக் கேட்டீர்கள், நேரடியாகச் சொல்கிறேன். ஆமாம். கை நடுங்குவது தெரிந்து, சாப்பிடாதது தெரிந்து, அந்தக் குரல்கள் நின்றால் அவள் டப்பாவைத் திறக்க மாட்டாள் என்பதும் தெரிந்துதான் அமுக்கினேன். இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை.

அவள் காரியத்துக்கு நான் போயிருந்தபோது லாரிக்காரர் என்னிடம் கேட்டதைத்தான் இப்போது நீங்களும் கேட்கிறீர்கள். அழுது வீங்கிய முகத்தோடு என் முன்னால் உட்கார்ந்து கேட்டார். “அக்கா, உங்க பேரை வெளியில சொன்னா பாட்டு கம்பெனிக்குப் போயிடும், உங்க வேலையும் போயிடும்னு நீங்கதானே அவகிட்டச் சத்தியம் வாங்கினீங்க? என்கிட்டகூட ரொம்ப நாள் கழிச்சுத்தானேக்கா சொன்னா.”

வாங்கினேன். மெட்டைக் கொடுத்த அன்றைக்கே, அதே சமையலறையில், அவள் கையை என் தலையில் வைத்து வாங்கினேன். யார் கேட்டாலும் யாரோ போட்டது, இலவசமாகக் கிடைத்தது என்று சொல், என்றேன். வார்த்தைகூட என்னுடையதுதான். அதை நான் மறைக்கவில்லை. இதுவரை நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நீங்களும் அக்கா தங்கையோடு பிறந்திருப்பீர்கள், யோசித்துப் பாருங்கள். சொல்லாதே என்றால் அப்படியே சொல்லாமல் இருந்துவிடுவதா? அத்தனை பேர் வாய்விட்டுப் பாராட்டும்போது மனசு கேட்காமல், ஒரே ஒரு தடவை, ‘என் அக்கா போட்டது’ என்று வாய் தவறி வந்திருக்க வேண்டாமா? கை நடுங்கி, நாக்குக் குழறி, தன் பெயரே மறந்துபோகிற நிலைமையிலும் அவளுக்கு வாய் தவறவில்லை. என்மேல் உண்மையிலேயே பாசம் இருந்திருந்தால் தவறியிருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொடுங்கள், ஒருமுறை படித்துவிடுகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் ‘கம்பெனிக்குச் சொந்தமான பாடல்’ என்று தட்டச்சுக்காரர் போட்டிருக்கிறார். சட்டப்படி சரிதான், நானே கொண்டுபோய்க் கொடுத்தது. ஆனாலும் அதை அடித்துவிட்டு, மெட்டுப் போட்டது நான் என்று என் பெயரைப் போட்டு எழுதச் சொல்லுங்கள், மேடம். அதை எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன்.